அதிக நேரம் யாரிடம் பேசுகிறீர்கள்? உங்கள் செல்போனே கணக்குச் சொல்லும்!

முதலில் ஒரு சின்னப் பரீட்சை. ஒரு துண்டுக் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். போனில் நீங்கள் அதிக நேரம் பேசுவது யாரிடம்? முதல் மூன்று பேரை வரிசையாக எழுதுங்கள். செல்போனைத் திறந்து பார்ப்பது காப்பியடிப்பதற்குச் சமம்! எழுதியாகிவிட்டதா? காகிதத்தை மடித்துக் கீபோர்டுக்கு அடியில் வைத்துவிடுங்கள். பிறகு அதற்கு வேலை இருக்கிறது.

இந்தப் பரீட்சையை நான் முதன்முதலில் வைத்தது எங்கள் வீட்டில்தான். நான் சென்னையில் சாஃப்ட்வேர் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். அப்பாவும் அம்மாவும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறார்கள். ஆடிப்பெருக்குக்கு ஊருக்குப் போயிருந்தபோது, மதியச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்திருந்தோம். "உங்கம்மா நாள் பூரா போன்லதான் இருக்கா" என்று அப்பா ஆரம்பித்தார். "நீங்க மட்டும் என்னவாம்? சங்கத்துத் தலைவரோட மணிக்கணக்கா பேசறீங்களே!" என்று அம்மா திருப்பிக் கொடுத்தார். இந்த வழக்கைத் தீர்க்க ஒரே வழி கணக்கெடுப்பதுதான் என்று நான் நடுவில் புகுந்தேன்.

மூன்று பேரும் ஆளுக்கொரு காகிதத்தில் எழுதினோம். அம்மா எழுதியது: நான், பெரியம்மா, மாமா. நான் எழுதியது: கல்லூரி நண்பன் ஒருவன், அம்மா, என் டீம் லீடர். அப்பா எழுதியது ஒரே பெயர், தெருக் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர். அதற்கு மேல் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வேற யாரும் இல்லடா" என்று பேனாவை மூடிவிட்டார்.

மூன்று பேருமே ஃபெயில்! அப்பாவின் காகிதத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், கணக்கை எப்படி எடுப்பது என்று பார்த்துவிடலாம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, எக்ஸெல்லைத் திறந்து பார்த்துவிட்டு, இதில் என்ன செய்வது என்று தெரியாமல் மூடி வைத்திருக்கிறீர்களா? இது உங்களுக்கு நல்ல முதல் பயிற்சி.

கால் லாக் எங்கே இருக்கிறது?

நீங்கள் பேசும் ஒவ்வொரு அழைப்பும் இரண்டு இடங்களில் பதிவாகிறது. ஒன்று, உங்கள் போனுக்குள்ளேயே இருக்கும் கால் லாக். எண், பெயர், வந்த அழைப்பா போன அழைப்பா, தேதி, நேரம், எத்தனை நொடி பேசினீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். இன்னொன்று, தொலைபேசி நிறுவனத்திடம் இருக்கும் கால் டீடெய்ல் ரெக்கார்டு. எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு, எப்போது, எவ்வளவு நேரம், எந்த டவர் வழியாக என்பது அதில் இருக்கும். நீங்கள் என்ன பேசினீர்கள் என்பது அதில் இருக்காது. இந்தப் பதிவுகளைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் மத்திய தொலைத்தொடர்புத் துறை உரிம விதிகளைத் திருத்தியது. மாதா மாதம் நமக்கு வரும் போஸ்ட்பெய்டு பில் இதிலிருந்து கடைந்தெடுத்ததுதான். ஆனால் பில்லில் பொதுவாக நாம் கூப்பிட்டதுதான் இருக்கும், நமக்கு வந்தது இருக்காது. ஆகவே நமக்குத் தோதானது போனில் உள்ள கால் லாக்தான்.

ஆண்ட்ராய்டு போனாக இருந்தால் எஸ்.எம்.எஸ். பேக்கப் அண்ட் ரீஸ்டோர் என்ற செயலியைப் பிளே ஸ்டோரிலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். பேக்கப் எடுக்கும்போது மெசேஜ்களையும் எடுக்கட்டுமா, அழைப்புகளையும் எடுக்கட்டுமா என்று கேட்கும். அழைப்புகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். போனிலேயே ஒரு எக்ஸ்.எம்.எல். ஃபைல் உருவாகும். போனை யு.எஸ்.பி. கேபிள் மூலம் கம்ப்யூட்டரில் இணைத்து, போன் திரையில் ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்பதைத் தொட்டால், பென் டிரைவைப் போல அது திறந்துகொள்ளும். ஃபைலை டெஸ்க்டாப்பில் காப்பி செய்யுங்கள். பிறகு கம்ப்யூட்டரில் உள்ள எக்ஸெல்லில் ஓப்பன் கொடுத்து அந்த ஃபைலைத் தேர்ந்தெடுத்தால், எப்படித் திறக்க வேண்டும் என்று ஒரு கேள்வி வரும். எக்ஸ்.எம்.எல். டேபிளாக என்பதற்கு ஓகே சொல்லுங்கள். அடுத்து வரும் எச்சரிக்கைக்கும் ஓகே. அவ்வளவுதான், ஒரு அழைப்புக்கு ஒரு வரி என்று முழுப் பட்டியலும் கண் முன்னால் வந்து நிற்கும்!

இங்கே சில பொறிகள் இருக்கின்றன. நானே மாட்டிக்கொண்டவை.

முதலாவது, தேதி இருக்க வேண்டிய இடத்தில் 13 இலக்கத்தில் ஒரு பூதம் மாதிரி எண் நிற்கும். பயப்படாதீர்கள். 1970 ஜனவரி 1-லிருந்து எத்தனை மில்லி செகண்டுகள் கடந்துவிட்டன என்ற கணக்கு அது. கம்ப்யூட்டர்களுக்குக் காலம் அங்கேதான் பிறக்கிறது! மனிதர்கள் படிக்கிற மாதிரி தேதி வேறொரு பத்தியில் இருக்கும், அதைப் பாருங்கள். இரண்டாவது, பேசிய நேரம் நொடிகளில் இருக்கும். 60-ஆல் வகுத்தால் நிமிடம். மூன்றாவதுதான் பெரிய தொல்லை. ஒரே ஆள் மூன்று வேஷத்தில் வருவார். ஒரு வரியில் முன்னால் 91 இருக்கும், இன்னொன்றில் 0 இருக்கும், மற்றொன்றில் வெறும் 10 இலக்கம் இருக்கும். எக்ஸெல் இவர்களை மூன்று தனித்தனி ஆட்களாகவே எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் ஒரு புதிய பத்தி போட்டு, ரைட் என்ற ஃபங்ஷன் மூலம் எண்ணின் கடைசி 10 இலக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் மூவரும் ஒருவராகிவிடுவார்கள்.

இனி பிவட் டேபிள். பெயரைக் கேட்டால் பெரிய வித்தை போலத் தோன்றும். உண்மையில் மளிகைக் கடைக்காரர் சிட்டைகளை ஆள்வாரியாகப் பிரித்துக் கூட்டுகிறாரே, அதே வேலைதான். டேபிளுக்குள் எங்காவது கிளிக் செய்து, இன்செர்ட் மெனுவில் பிவட் டேபிளைத் தேர்ந்தெடுங்கள். வரிசைப் பெட்டியில் அந்த 10 இலக்க எண்ணை இழுத்துப் போடுங்கள். மதிப்புப் பெட்டியில் நொடிகள் உள்ள பத்தியை இரண்டு முறை போடுங்கள். ஒன்று கூட்டுத்தொகை, மற்றது எண்ணிக்கை. கூட்டுத்தொகையைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துங்கள். முதல் வரியில் நிற்பவர்தான் விடை!

ஒரு விஷயத்தை மறந்துவிடாதீர்கள். பல ஆண்ட்ராய்டு போன்கள் கடைசி 500 அழைப்புகளை மட்டுமே வைத்திருக்கும். நிறையப் பேசுகிறவருக்கு அது ஒரு மாதத்துக் கணக்கு. எப்போதாவது பேசுகிறவருக்கு ஐந்து மாதக் கணக்காகவும் இருக்கலாம். வாட்ஸ்அப்பில் பேசியது இதில் சேராது. சிங்கப்பூரிலும் துபாயிலும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்தக் கணக்கு பாதிதான். ஐபோனில் இந்த வழி இல்லை, அழைப்பு அழைப்பாகப் பார்த்துக் கையால் கூட்ட வேண்டியதுதான்.

இன்னொன்று முக்கியம். அடுத்தவர் கால் லாக்கை அவரைக் கேட்காமல் எடுக்காதீர்கள், கணவன் மனைவியாக இருந்தாலும் சரி. எடுத்த ஃபைலை, "நாங்கள் அலசித் தருகிறோம்" என்று கூப்பிடும் முன்பின் தெரியாத வலைத்தளங்களில் ஏற்றாதீர்கள். யாரிடம் எப்போது எவ்வளவு நேரம் பேசினீர்கள் என்ற பட்டியல், என்ன பேசினீர்கள் என்பதில் பாதியைச் சொல்லிவிடும். இரவு 2 மணிக்கு மருத்துவமனைக்கு 12 நிமிடம் பேசியிருந்தால், விஷயம் என்ன என்று ஊகிக்க ஒலிப்பதிவா வேண்டும்?

எண்ணிக்கை வேறு, நேரம் வேறு

முதலில் என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், சிரிக்கக் கூடாது. முதலிடம் பிடித்தது ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்! ரீஃபண்ட் ஒன்றுக்காக நான்கு முறை கூப்பிட்டேன். மொத்தம் 2 மணி 10 நிமிடம், அதில் பெரும்பகுதி காத்திருக்கச் சொல்லி ஓடிய இசை. ஆக, ஒன்றரை மாதத்தில் நான் அதிக நேரம் செலவழித்தது மனிதரிடம் அல்ல, ஒரு கீபோர்டு வாசிப்பிடம்! நண்பன் இரண்டாவது, அம்மா மூன்றாவது. டீம் லீடர் பட்டியலிலேயே இல்லை. அவருடன் பேசுவதெல்லாம் லேப்டாப் மீட்டிங்கில். அதையும் கூட்டினால் என்ன ஆகும் என்று நான் யோசிக்க விரும்பவில்லை.

அம்மாவின் கணக்கில்தான் எண்ணிக்கைக்கும் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. எண்ணிக்கையில் நான் முதலிடம், தினமும் இரண்டு முறை. ஆனால் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நிமிடம்தான். "சாப்டியா? மழை பெய்யுதா? சரி, வெச்சிடறேன்." நேரத்தில் முதலிடம் சிதம்பரத்தில் இருக்கும் பெரியம்மா. தினமும் மதியம் 2 மணிக்கு மேல் ஒரே ஒரு அழைப்பு, முக்கால் மணி நேரம்! கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் சுமார் 45 கிலோமீட்டர். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் ஒன்றே கால் மணி நேரம். அப்படி என்னதான் பேசுகிறார்கள் என்று கேட்டேன். "ஒண்ணுமில்லையே" என்றார் அம்மா. பெரியம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "ஒண்ணுமில்லடா, கொத்சுக்குக் கத்தரிக்காயை சுட்டு மசிக்கணுமா வதக்கணுமான்னு உங்கம்மாவுக்கு இன்னும் சந்தேகம்" என்றார். முப்பத்தைந்து வருடமாக அதே சந்தேகம் இருக்கிறதாம்!

மீட்டர் ஓடிய காலம்

இந்த முக்கால் மணி நேரம் என்பது சமீபத்து வசதி. சிதம்பரம் கீழ வீதிப் பக்கம் என் சித்தப்பா 1990-களில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். கண்ணாடிக் கூண்டு, உள்ளே ஒரு ஸ்டூல், வெளியே சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர், பேசி முடித்ததும் கிர்ரென்று பில் அடிக்கும் பிரிண்டர். ஊரில் யார் யாரோடு எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று அந்தக் காலத்தில் கணக்கு வைத்திருந்தவர் பூத்காரர்தான்! இன்று எக்ஸெல் சொல்வதை அன்று சித்தப்பாவைக் கேட்டாலே தெரிந்துவிடும்.

"அதிக நேரம் பேசினது யாரு சித்தப்பா, லவ் பண்றவங்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "அவங்க வாரம் முச்சூடும் காசு சேர்த்து வெச்சிகிட்டு வருவாங்க. ஆனா கண்ணு பூரா மீட்டர் மேலதான் இருக்கும். அஞ்சு நிமிஷம் தாண்டாது" என்றார். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் இரவு கட்டணம் குறையும் நேரத்துக்குக் காத்திருந்து வரிசையில் நிற்பார்களாம். வெளி மாநிலத்துப் பையன்கள் வேறு. வீட்டைக் கூப்பிட்டு, பணம் அனுப்பச் சொல்லிவிட்டு உடனே வைத்துவிடுவார்கள். நீண்ட நேரம் பேசியது யார் தெரியுமா? பரங்கிப்பேட்டை, லால்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்து, வளைகுடா நாட்டிலிருந்து கணவர் கூப்பிடுவதற்காக ஸ்டூலில் காத்திருந்த பெண்கள். வருகிற அழைப்புக்கு மீட்டர் கிடையாது, பூத்துக்குச் சின்னத் தொகை கொடுத்தால் போதும். "காசு குடுக்கிறவன் சீக்கிரம் வெப்பான், குடுக்காதவன் பேசிகிட்டே இருப்பான்" என்பது சித்தப்பாவின் ஆராய்ச்சி முடிவு. அதில் பாதிதான் உண்மை என்று நினைக்கிறேன். அந்தப் பக்கம் காசு கொடுத்துக்கொண்டிருந்தவரும் வைக்கவில்லையே!

பேச்சின் நீளத்தை அன்று தீர்மானித்தது பாசம் அல்ல, கட்டணம். ஆபரேட்டரிடம் பதிவு செய்து காத்திருக்கும் டிரங்க் கால் காலத்தில் மூன்று நிமிடம் என்பது ஒரு அளவு. எண்ணைச் சுழற்றி நாமே வெளியூருக்குப் பேசும் எஸ்.டி.டி. இந்தியாவில் முதலில் வந்தது 1960-ல், கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையில். பிறகு ஊர் ஊராகப் பரவியது. கடலூருக்கு 04142, சிதம்பரத்துக்கு 04144 என்று கோடு வந்தது. ஒரே மாவட்டம்தான், ஆனாலும் நடுவே மீட்டர் ஓடியது. நாட்டின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று. மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கொல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அப்போது நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை. வரும் அழைப்புக்கும் கட்டணம் உண்டு! 2003-ல்தான் வரும் அழைப்பு இலவசமானது. 2006 மார்ச்சில் பி.எஸ்.என்.எல். ஒன் இந்தியா திட்டம் வந்து, நாட்டின் எந்த மூலைக்கும் நிமிடம் ஒரு ரூபாய் என்றது. 2009-ல் டாடா டோகோமோ நொடிக்கு ஒரு பைசா என்று ஆரம்பிக்க, மற்றவர்களும் அந்த வழிக்கு வந்தார்கள்.

2016 செப்டம்பர் 5-ம் தேதி ஜியோ சேவை தொடங்கியபோது நான் சிதம்பரத்தில் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். பேசுவதற்குக் கட்டணமே இல்லை என்றதும் ஹாஸ்டல் வராந்தா எப்படி மாறியது என்பதைக் கண்ணால் பார்த்தவன். அதுவரை மிஸ்டு கால் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள், போனைக் காதில் வைத்துக்கொண்டே துணி துவைத்தார்கள், குளிக்க வரிசையில் நின்றார்கள். ஒருவன் போனை வைக்காமலேயே தூங்கிப்போவான். அந்தப் பக்கமும் தூக்கம்தான்! அதுவும் கால் லாக்கில் ஆறு மணி நேரம் என்று பதிவாகும்.

ஆய்வாளர்கள் என்ன சொல்கிறார்கள்?

இந்தக் கேள்வியைப் பெரிய அளவில் கேட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ராபின் டன்பாரும் பின்லாந்து ஆய்வாளர்களும் சேர்ந்து 2012-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு ஐரோப்பிய நாட்டில் நடந்த கிட்டத்தட்ட 200 கோடி அழைப்புகளையும் சுமார் 50 கோடி குறுஞ்செய்திகளையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் அதிகமாகத் தொடர்புகொள்ளும் நபரின் வயதும் பாலினமும் என்ன என்று பார்த்தார்கள். பெயர்கள் கிடையாது, வயதும் பாலினமும் மட்டும்தான். இளம் வயதுப் பெண்களுக்கு முதலிடத்தில் இருப்பவர் பெரும்பாலும் ஏறக்குறைய அதே வயது ஆண். ஐம்பதை நெருங்கும்போது முதலிடம் மாறுகிறது. ஒரு தலைமுறை இளைய பெண் ஒருவர் அந்த இடத்துக்கு வருகிறார். அது மகளாக இருக்கும் என்பது ஆய்வாளர்களின் ஊகம். கணவர் இரண்டாம் இடத்துக்கு இறங்கிவிடுகிறார், பாவம்! ஆனால் கவனியுங்கள், அவர்கள் எண்ணியது எத்தனை முறை என்பதைத்தான். எவ்வளவு நேரம் என்று கூட்டியிருந்தால் விடை வேறு மாதிரி வந்திருக்கலாம். எங்கம்மா கணக்கில் வந்ததே!

2014-ல் வெளியான இன்னொரு ஆய்வு சின்னது. இங்கிலாந்தில் பள்ளி முடித்து வேலைக்கோ கல்லூரிக்கோ போகும் 24 பேரை 18 மாதம் தொடர்ந்து கவனித்தார்கள். ஊர் மாறியது, நண்பர்கள் மாறினார்கள். ஆனால் போன் நேரத்தைப் பிரித்துக் கொடுக்கும் விதம் மட்டும் ஆளுக்கு ஆள் அப்படியே இருந்தது. எல்லோருமே பெரும்பகுதி நேரத்தை மிகச் சிலரிடம்தான் செலவழித்தார்கள். பழைய நண்பர் விலகினால் அவருடைய நேரம் அப்படியே வேறொருவருக்குப் போய்ச் சேர்ந்தது, கையெழுத்து மாறாத மாதிரி.

இதே குழுவினர் 2015-ல் சொன்ன ஒன்றுதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. ஊரை விட்டுப் போன பிறகு நட்பு தேயாமல் இருக்கப் பெண்களுக்குப் பேச்சு உதவுகிறது. ஆண்களுக்கு வெறும் பேச்சு அவ்வளவாக உதவுவதில்லை, சேர்ந்து ஏதாவது செய்ய வேண்டியிருக்கிறது. விளையாட்டோ, ரிப்பேர் வேலையோ, ஏதோ ஒன்று.

இதைப் படித்துவிட்டு அப்பாவின் கணக்குக்கு வாருங்கள்.

அப்பாவின் ஃபைல்

அப்பாவும் நானும் போனில் பேசுவது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். "ம்... நல்லாருக்கியா? இரு, அம்மாகிட்ட தரேன்." ஜனவரியில் அவருக்குப் புது போன் வாங்கிக் கொடுத்தபோது பழைய போனில் எடுத்த பேக்கப் என்னிடம் இருந்தது. அதில் எனக்கும் அவருக்கும் இடையே மொத்தம் 11 அழைப்புகள். ஒன்றுகூட ஒரு நிமிடத்தைத் தாண்டவில்லை.

மார்ச்சில் அப்பா ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். சங்கத்தின் பொருளாளர் அவர். சந்தா, தெருவிளக்கு, வாட்ச்மேன் சம்பளம் எல்லாவற்றையும் இருபது வருடமாக நீள நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவருக்கு, அதை எக்ஸெல்லில் ஏற்ற வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அன்றிலிருந்து ஆரம்பித்தன அழைப்புகள்.

"டேய், எழுத்தெல்லாம் பெருசு பெருசா வருது."

"கேப்ஸ் லாக் ஆன்ல இருக்குப்பா."

"அது எங்க இருக்கு?"

"இடது பக்கம், டேபுக்குக் கீழ."

"டேபு எங்க இருக்கு?"

ஆகஸ்டில் எடுத்த ஃபைலில் ஏப்ரல் தொடக்கத்திலிருந்து 500 அழைப்புகள் இருந்தன. பிவட் டேபிளை வரிசைப்படுத்தினேன். முதலிடத்தில் சங்கத் தலைவர் இல்லை, நான் இருந்தேன்! அவரைப் போல இரண்டு மடங்கு நேரம். அதிக நீள அழைப்பு 52 நிமிடம். "நான் உன்கிட்ட அவ்வளவு நேரமா பேசினேன்?" என்று அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையில் குனிந்து பார்த்தார். அவர் காகிதத்தில் நான் இல்லை, என் காகிதத்தில் அவர் இல்லை. இரண்டு பேருமே அதைப் பேச்சு என்று கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. ரிப்பேர் வேலைதானே என்று விட்டுவிட்டோம்.

அந்த 52 நிமிடம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. விண்டோஸ் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தது. "27 பர்சன்ட்னு காட்டுதுடா. ஆஃப் பண்ணிடவா?" என்றார். "பண்ணிடாதீங்க, முடியற வரைக்கும் லைன்ல இருங்க" என்றேன். 28 ஆனது. 31 ஆனது. இரண்டு பேரும் சும்மா இருந்தோம். ஒரு கட்டத்தில் அவராகவே, "தானே புயல் அப்ப போன் வேலை செய்யாம எப்படி இருந்துச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்தார்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது எனக்கு 14 வயது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததும், பல நாள் கரண்ட் இல்லாமல் இருந்ததும் நினைவிருக்கிறது. அப்பா ஒரு நாள் காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டு, இருட்டிய பிறகு வந்ததும் நினைவிருக்கிறது. எங்கே போனார் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்டதும் இல்லை. சிதம்பரத்தில் இருந்த பாட்டிக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லையாம். இரண்டு நாளாக போன் கிடைக்கவில்லை. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாகப் போயிருக்கிறார். விழுந்து கிடந்த மரங்களில் பைக்கைத் தூக்கித் தூக்கி வைத்துத் தாண்டியிருக்கிறார். போய்ச் சேர்ந்தால், பாட்டி திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாராம்.

"என்னப்பா பேசினீங்க?"

"என்ன பேசறது? நல்லாருக்கியான்னு கேட்டேன். நல்லாருக்கேன்னா. கெளம்பிட்டேன்."

அப்டேட் 64 பர்சன்டில் நின்றுகொண்டிருந்தது.

சரி, ஃபைலுக்கு வருகிறேன். பிவட் டேபிளில் தேதியையும் போட்டு மாதவாரியாகப் பிரித்தபோது இன்னொன்று தெரிந்தது. ஏப்ரல், மே, ஜூனில் மணிக்கணக்கில் இருந்தது, ஜூலையில் திடீரென்று சரிந்திருந்தது. மறுபடியும் ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். "ஜூலைல என்னடா ஆச்சு?" என்றார் அம்மா. என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். அப்பாவின் கம்ப்யூட்டரைச் சென்னையில் இருந்தபடியே இயக்கும் ரிமோட் சாஃப்ட்வேர் ஒன்றை நான்தான் ஜூலை முதல் வாரத்தில் போட்டு வைத்தேன். அவர் கூப்பிட்டால், "ஆன் பண்ணி வைங்கப்பா, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, இரண்டு கிளிக்கில் முடித்துவிடுவேன். நேரம் மிச்சம் என்று எனக்கு ஒரே பெருமை.

"நீயே உள்ள வந்து எலியைப் புடிச்சு எல்லாத்தையும் பண்ணிடற. அம்பு தானா நகருது. நான் பார்த்துகிட்டு உக்காந்திருக்கேன்" என்றார் அப்பா. குறை சொல்கிற குரல் இல்லை. சும்மா சொன்னார்.

அன்று மாலையே அந்த சாஃப்ட்வேரை நீக்கிவிட்டேன். வீட்டில் சொன்ன காரணம் பாதுகாப்பு, அது பொய்யும் இல்லை. வங்கியிலிருந்து பேசுகிறோம், கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து பேசுகிறோம் என்று கூப்பிட்டு, இப்படிப்பட்ட செயலியைப் போடச் சொல்லிப் பணத்தைக் கறக்கும் கும்பல்கள் இருக்கின்றன. எனி டெஸ்க் செயலியை வைத்து நடந்த இத்தகைய மோசடி பற்றி 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது. அந்தச் செயலிகளில் தப்பில்லை, யார் சொல்லிப் போடுகிறோம் என்பதில்தான் விஷயம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முன்பின் தெரியாதவர் போனில் சொல்லி எதையும் இன்ஸ்டால் செய்யாதீர்கள். உங்களை லைனை வைக்கவே விடாமல் பேசிக்கொண்டே இருப்பார்கள், அதுவே ஒரு அடையாளம். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள்.

இப்போது கீபோர்டுக்கு அடியில் வைத்த காகிதத்தை எடுத்து, உங்கள் பிவட் டேபிளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடியும் பேக்கப் எடுத்து, இரண்டு ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இன்னும் சுவாரசியம். 500 அழைப்புக்கு மேல் பழையவை அழிந்துவிடலாம், ஆகவே தேதி குறித்துப் பத்திரப்படுத்துங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா கூப்பிட்டார். சங்கத்தின் வரவு செலவு அறிக்கை பிரிண்ட் ஆகவில்லையாம். 34 நிமிடம் ஆனது. பிரிண்டர் கேபிள் பின்பக்கம் சரியாக மாட்டவில்லை என்பது மூன்றாவது நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது.